இளவயது விறைப்புக் குறைபாட்டில் நரம்புகளின் பங்கு

ஆணுறுப்பு தளர்ந்து கிடக்கும்போதுதான் அதன் உள்ளே இருக்கும் மென்தசைகள் இறுகியிருக்கின்றன. அவை தளரும்போது உறுப்பு விறைக்கிறது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த உண்மை பிடிபட்டுவிட்டால், இளைஞர்களுக்கு வரும் விறைப்புக் குறைபாட்டில் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

உறுப்பின் நீளவாக்கில் பக்கம் பக்கமாக இரண்டு திசுத் தூண்கள் ஓடுகின்றன. கடற்பஞ்சைப் போல உள்ளே எண்ணற்ற சிற்றறைகள் கொண்டவை அவை. அந்த அறைகளின் சுவர்களில் மென்தசை இருக்கிறது. நாளின் பெரும்பகுதியில், முதுகுத்தண்டின் நடுப்பகுதியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் (அச்சத்திலும் பதற்றத்திலும் உடலை உஷார்ப்படுத்துபவை) நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து இந்தத் தசையைச் சுருக்கியே வைத்திருக்கின்றன. பாலுணர்வு எழும்போது, தண்டுவடத்தின் அடிப்பகுதியில் உள்ள திருவெலும்பு நரம்புகளின் இரண்டாம், மூன்றாம், நான்காம் இணைகள் வழியாக எதிர்க்கட்டளை கிளம்புகிறது. அது இடுப்புக்குழிக்குள் நுழைந்து, புராஸ்டேட் சுரப்பியின் ஓரமாகச் செல்லும் மிக மெல்லிய நரம்புகளின் வழியே உறுப்பை அடைகிறது. அங்கே நரம்பு முனைகள் வெளியிடுவது நைட்ரிக் ஆக்சைடு. சில நொடிகளே உயிர் வாழும் இந்த வாயு, தசைச் செல்களுக்குள் புகுந்து சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்குகிறது, தசை தளர்கிறது, அறைகளில் இரத்தம் பாய்ந்து நிறைகிறது. நிறைந்த அறைகள் வெளியேறும் சிரைகளை உறையோடு சேர்த்து அழுத்துவதால் இரத்தம் உள்ளேயே தங்குகிறது. இவ்வளவு எளிய ஒரு வாயு உடலுக்குள் செய்தி சுமக்கிறது என்று கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இளவயதில் விறைப்பு தடைபடுவதற்கு மனப்பதற்றமே மிகப் பெரும்பாலும் காரணம். அதற்காக அது கற்பனை நோய் ஆகிவிடாது. 'இந்த முறையும் தவறிவிடுமோ' என்ற அச்சம் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது, நார்அட்ரினலின் பெருகுகிறது, தளர வேண்டிய தசை இன்னும் இறுகுகிறது. அச்சமும் நரம்பு வழியாகவே உறுப்பை எட்டுகிறது. ஆகவே "எல்லாம் மனசுதான், போய் வா" என்று ஓர் இளைஞரை அனுப்பிவிடுவது இரண்டு வகையில் தவறு. அவருடைய துன்பம் சிறுமைப்படுத்தப்படுகிறது. சிலருக்கு உண்மையாகவே இருக்கும் நரம்புக் கோளாறும் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய உடலே ஒரு தடயம் தருகிறது. கனவு காணும் உறக்க நிலையில், ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு ஏற்படுகிறது. அதிகாலை விறைப்பு பெரும்பாலும் அதன் கடைசிச் சுற்று. துணையோடு இருக்கும்போது மட்டும் தோற்று, காலையில் உறுதியாக இருந்தால் நரம்புப் பாதையும் இரத்தக் குழாய்களும் பெரும்பாலும் நன்றாகவே இயங்குகின்றன என்று கொள்ளலாம். எல்லா வேளையிலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் உடல்ரீதியான காரணத்தைத் தேட வேண்டும். உறக்கக் குறைவும் மனச்சோர்வும் இரவு விறைப்பைக் குறைக்கும் என்பதால், இந்தத் தடயத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

நரம்புக் காரணங்களில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது நீரிழிவு. நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை நுண்ணிய தன்னியக்க நரம்பு இழைகளையும், நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும் இரத்தக் குழாய் உட்சுவரையும் ஒருசேரச் சிதைக்கிறது. நீரிழிவு உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடும். சிறுவயதிலிருந்தே முதல் வகை நீரிழிவோடு வாழ்பவர்களுக்கு இருபதுகளின் இறுதியிலோ முப்பதுகளிலோ அது வந்தால் வியப்பில்லை. பாதங்களில் எரிச்சல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாத உணர்வு ஆகியவை கூட இருந்தால் ஐயம் வலுக்கிறது.

முதுகெலும்பு வட்டு பிதுங்கி அடிமுதுகின் நரம்புக் கற்றையை நசுக்குவது அரிது, ஆனால் அவசரமானது. விறைப்பு திடீரென நின்று, அதனுடன் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நரம்புகள் மீளாமல் போகலாம். இருபது முதல் நாற்பது வயதுக்குள் தலைகாட்டும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்), தண்டுவடக் காயம், இடுப்பெலும்பு முறிவு, இடுப்புக்குழி அறுவை சிகிச்சை ஆகியவையும் இந்தப் பாதையை வெவ்வேறு இடங்களில் துண்டிக்கலாம். நெடுநேரம் குறுகிய இருக்கையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு, உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பு அழுந்தி மரத்துப்போவதுண்டு. இருக்கையை மாற்றுவதும் இடையிடையே எழுந்து ஓட்டுவதும் பெரும்பாலும் போதும். மிகுதியான மதுவும், பி12 வைட்டமின் குறைவும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சுய இன்பத்தால் நரம்பு கெடும் என்ற அச்சத்துக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. அந்த அச்சமே பலரை நோயாளியாக்குகிறது என்பது என்னை வருத்துகிறது.

விறைப்பை இயக்கும் மெல்லிய நரம்புகளை நேரடியாக அளக்கும் எளிய சோதனை அன்றாட மருத்துவத்தில் இல்லை. எனவே மருத்துவர் சுற்றிவளைத்தே வருகிறார். எப்போது தொடங்கியது, காலையில் எப்படி இருக்கிறது, மரத்துப்போகிறதா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார். தொடுவுணர்வையும் அனிச்சைச் செயல்களையும் சோதிக்கிறார். இரத்தத்தில் சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் காலை நேர அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார். இரத்தக் குழாய் மீது ஐயம் இருந்தால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்.

சிகிச்சையும் இதே வழியில்தான் புரியும். சில்டெனாஃபில், டடலாஃபில் போன்ற மாத்திரைகள் விறைப்பைத் தாமாக உண்டாக்குவதில்லை. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன, அவ்வளவே. நரம்பு சிறிதளவாவது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே பாலுணர்வு இல்லாமல் மாத்திரை மட்டும் பயன் தராது. நரம்பு முற்றிலும் அறுந்தவர்களுக்கும் பலன் குறைவு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். 'இயற்கை மருந்து' என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் சில்டெனாஃபில் மறைத்துக் கலக்கப்பட்டிருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அளவு தெரியாமல் விழுங்குவதால் அவை கூடுதல் ஆபத்து.

நரம்பையே தாண்டிச் செல்லவும் வழி உண்டு. 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரகவியல் மாநாட்டில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தம் உறுப்பில் தாமே மருந்து ஊசி போட்டுக்கொண்டு வந்து, நரம்பின் கட்டளையோ பாலுணர்வோ இன்றியும் மருந்தால் தசையைத் தளர்த்த முடியும் என்று அரங்கின் முன் காட்டினார். இன்று இதற்கு ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி பயன்படுகிறது. முதல் அளவை மருத்துவரின் முன்னிலையில்தான் போட வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அவசர சிகிச்சை தேவை. காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் இரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் கருவிகளும், எதுவும் பயனளிக்காதபோது உள்பொருத்தும் செயற்கைச் சாதனங்களும் உள்ளன. பதற்றமே காரணமானால், துணையோடு சேர்ந்து எடுக்கும் பாலியல் ஆலோசனை நல்ல பலன் தருகிறது.

சேதத்தைத் தடுப்பதில் நல்ல செய்தி உண்டு. 1993-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, முதல் வகை நீரிழிவில் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைப்பது நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. வெறுமனே நசுங்கிய நரம்பு, அழுத்தம் நீங்கியதும் வாரங்களில் அல்லது மாதங்களில் தேறிவிடக்கூடும். இழை அறுந்த நரம்பு மீண்டும் வளரும் வேகமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். இடுப்புக்குழி அறுவை சிகிச்சைக்குப் பின் விறைப்பு திரும்ப இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், முதல் சில மாதங்களில் முன்னேற்றம் தெரியவில்லை என்று சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை.