மனச்சிதைவு: சொல் விளக்கம்

மனச்சிதைவு என்பது, எண்ணமும் உணர்ச்சியும் புலனறிவும் ஒன்றோடொன்று இயைந்து செல்லும் ஒழுங்கு குலைவதால் வரும் நோய். ‘ஸ்கிட்சோஃப்ரினியா’ என்னும் மருத்துவப் பெயருக்கு ஈடாகத் தமிழில் இன்று பெரிதும் வழங்கும் சொல் இதுவே.

மதுரையில் படம் பார்த்துவிட்டுத் திரையரங்கை விட்டு வெளியே வருபவரிடம் இந்நோயின் பெயரைச் சொன்னால், பகலில் சாதுவாகவும் இரவில் கொலைகாரனாகவும் திரியும் கதாநாயகனைத்தான் அவர் நினைத்துக்கொள்வார். ஓருடம்பில் இருவர் குடியிருப்பதாகக் காட்டும் அந்நிலை வேறு. அதைப் பல்லாளுமை என்பர். அதன் இயல்பைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மனச்சிதைவோ உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

குழப்பத்துக்கு மூலச்சொல்லும் ஒரு காரணம். ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்நோயை ‘இளமையில் வரும் அறிவழிவு’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைத்தார். நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எல்லாருக்கும் அறிவழிவில் முடிவதுமில்லை என்று கண்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், பிளத்தலையும் மனத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1908-இல் புதிய பெயரைப் படைத்தார். எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும் இடையிலான பிணைப்பு விட்டுப்போவதையே அவர் பிளவு என்றார். பின்வந்த கதாசிரியர்கள் ஆளையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். ‘மனம் பிளந்த நோய்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்திருந்த ஜப்பானியர், அப்பெயர் நோயாளிகளுக்கு இழிவு தருவதாகக் கருதி 2002-இல் அதை மாற்றினர்.

தமிழில் சிலர் ‘மனப்பிளவு’ என்று எழுதியதுண்டு. அது ஜப்பானியர் கைவிட்ட பிழையை நாம் கடன் வாங்குவதாகும். ‘சிதைவு’ எனும் சொல் மீட்க முடியாத அழிவைக் காட்டுமே என்று கேட்பவர்கள் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பார்க்கலாம். “சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்” என்பது நூற்பா: வடிவம் திரிந்து வந்த சொல்லும் பொருந்துமாயின் விலக்கப்படாது. அங்கே சிதைதல் உருக்குலைதலே; ஒழிந்துபோதல் அன்று. நோயின் போக்கும் அப்படித்தான். 1950-களில் மாத்திரைகள் வந்தபின், முழுக்கவோ பெரும்பகுதியோ தேறி வேலைக்குச் செல்பவர் பலர்.

பேச்சில் வழங்கும் ‘பைத்தியம்’ பித்தம் என்பதன் வழிவந்தது. உடலின் பித்தம் மிகுந்தால் அறிவு தடுமாறும் என்ற பழைய மருத்துவக் கொள்கை அதற்குள் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் ‘காத்து கருப்பு அண்டிருச்சு’, ‘முனி அடிச்சிருச்சு’ என்பார்கள். இவை நோயை விளக்க மக்கள் முயன்றதன் அடையாளங்கள். ‘சைக்கோ’ என்று திரைப்படம் பழக்கிய வசைச்சொல்லைவிட இவற்றில் இரக்கம் கூடுதல் என்பது என் எண்ணம்.

கதைகள் அதிகம் திரிப்பது, நோயாளி கேட்கும் குரல்களை. அவை எப்போதும் ‘கொல்’ என்று ஏவுவதில்லை. மானுடவியலாளர் தானியா லூர்மன் குழுவினர் சென்னை, கானா நாட்டின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று இடங்களிலும் இருபதிருபது நோயாளிகளிடம் பேசியபோது, சென்னையில் பலருக்கு வீட்டுப் பெரியவர்களின் குரல்கள் கேட்டன. அவை கண்டித்தன, அறிவுரை கூறின, வீட்டு வேலையைச் செய்யச் சொல்லின. கலிபோர்னியாவிலோ வன்முறைக் குரல்கள் மிகுதி. இந்நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்களே பிறருடைய தாக்குதலுக்கு ஆளாவது மிகுதி. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தனர். எத்தகைய சங்கிலியும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விலக்குகிறது.

வழக்குக் குறிப்பு: ‘மனச்சிதைவு உள்ளவர்’ என்றே எழுதுக. அரசியல்வாதி நேற்றொன்றும் இன்றொன்றும் பேசுவதை ‘மனச்சிதைவு’ என்று பகடி செய்வது பொருளாலும் பிழை. அதற்கு ‘இரட்டை நாக்கு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.