கல் ஏன் சில்லென்று இருக்கிறது? நாற்பது அட்டைகளும் ஒரு கேள்வியும்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். யாருக்கு நிஜமாகவே புரிந்தது, யார் கூட்டத்தோடு குரல் கொடுத்தார்கள் என்று அதில் பிரித்தறிய முடியாது. ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்பறைகளிலும் இதுதான் நிலை.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர், 1991 வாக்கில் பாடத்தின் நடுவே கேள்வி கேட்டு மாணவர்களையே விவாதிக்க வைக்கத் தொடங்கினார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளியில் அதைச் செய்ய மின்சாரம்கூட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளை நான்காக மடித்து, பக்கத்துக்கு ஒரு எழுத்தாக அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதினால் போதும், விடை காட்டும் அட்டை தயார்.

எட்டாம் வகுப்பு வெப்பப் பாடத்துக்கு நம் வீடுகளிலேயே கேள்வி இருக்கிறது. ஓர் ஆத்தங்குடிக் கல்லையும் (செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் கல்) ஒரு தேக்குப் பலகையையும் முந்தின நாளே வகுப்பில் மேசைமேல் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். எதன் வெப்பநிலை குறைவு? அ: கல். ஆ: பலகை. இ: இரண்டும் ஒன்று. ஈ: சொல்ல முடியாது.

ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சருகே காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். பெரும்பாலும் 'அ'தான் அதிகம் வரும்.

நாற்பது பேரில் 12 முதல் 28 பேர் வரை சரியாகச் சொன்னால் விவாதம் பலன் தரும்: வேறு விடை காட்டியவரோடு மூன்று நிமிடம் பேசிவிட்டு மறுபடி அட்டை. 12க்கும் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை. தப்பான விடைதான் இன்னும் பரவும். வெப்பக் கடத்தலை முதலில் நடத்திவிட்டுத் திரும்பக் கேளுங்கள். 28ஐத் தாண்டினால் இரண்டு வரி விளக்கம் போதும். முதல் சுற்றில் ஆசிரியர் முகம் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. இது கஷ்டம்தான், சரியான அட்டையைப் பார்த்ததும் தலை தானாக ஆடிவிடும்.

அதன் பிறகுதான் வெப்பமானி. முனையைக் கல்மேல் வைத்து, மடித்த துணியால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள், பலகைக்கும் அப்படியே. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். நம் தோல் சுமார் 33 டிகிரி. அறை 27 என்றால் கல் கையின் சூட்டை வேகமாக இழுக்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது. கை உணர்வது சூடு வெளியேறும் வேகத்தைத்தான்.

சோதனை கெடும் இடங்களும் உண்டு. பதித்த தரையை அளக்காதீர்கள்; கீழே மண் இருப்பதால் அது பகலில் நிஜமாகவே குளிர்ந்திருக்கலாம். கொரோனா காலத்து நெற்றி வெப்பமானி, உடல்சூட்டு முறையில் இருந்தால், 27 டிகிரியைக் காட்டாது. கல்லும் பலகையும் ஜன்னல் வெயிலில் இருக்கக் கூடாது.

தப்பு விடைகளை ஆசிரியரே கற்பனை செய்வதைவிடப் பழைய விடைத்தாள்களிலிருந்து எடுப்பது மேல். யாரும் தேர்ந்தெடுக்காத விடை இடத்தை அடைப்பதற்குத்தான் ஆகும். பாடவேளைக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

ஏப்ரல் மாதப் பகலில் அறை 35ஐத் தொட்டால் கல் சில்லென்றே இருக்காது, முதல் கேள்வி படுத்துவிடும். அன்றைக்கு வேறு கேள்வி போடுங்கள்: அறை 40 டிகிரி ஆனால் எதைத் தொட்டால் அதிகம் சுடும், கல்லா பலகையா?