பின்னம்: உடைந்ததா, கீழே இருப்பதா?

கோயில் சிலையில் மூக்கோ விரலோ உடைந்துபோனால் ‘சிலை பின்னமாகிவிட்டது’ என்பார்கள். ஆரம்பப் பள்ளிக் கணக்கில் 1/2, 3/4 என்று வந்து பிள்ளைகளை மிரட்டுகிற பின்னமும் அதே சொல்தான். வடமொழியில் ‘பித்’ என்ற வேருக்குப் பிளத்தல், உடைத்தல் என்று பொருள். அதில் பிறந்த ‘பின்ன’ என்றால் உடைந்தது. ‘சின்னாபின்னம்’ என்கிறோமே, அதிலும் இதுதான் இருக்கிறது. ‘சின்ன’ என்பது அங்கே சிறியதைக் குறிக்கவில்லை, வெட்டுப்பட்டது என்று அர்த்தம். வெட்டுப்பட்டு உடைந்தது சின்னாபின்னம். சடை பின்னுவதற்கும் இந்தப் பின்னத்துக்கும் உறவு கிடையாது.

உடைவதை வைத்துப் பெயரிட்டது வடமொழி மட்டுமில்லை. அரபியில் பின்னத்துக்கு ‘கஸ்ர்’ என்று பெயர், அதுவும் உடைதல்தான். அரபுக் கணித நூல்கள் லத்தீனுக்குப் போனபோது ‘கஸ்ர்’ என்பதை அப்படியே பொருள்பெயர்த்து ‘ஃப்ராக்டியோ’ என்றார்கள். எலும்பு முறிவைச் சொல்லும் ‘ஃப்ராக்சர்’ அதன் உடன்பிறப்பு. எழுதும் முறையும் ஊர் ஊராக நடந்துதான் வந்தது. இந்தியக் கணக்கர்கள் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று எழுதினார்கள், நடுவில் கோடு இல்லை. கோடு போட்டவர்கள் 12-ஆம் நூற்றாண்டின் அரபுக் கணித அறிஞர்கள். 1202-இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி எழுதிய நூல் வழியாக அது ஐரோப்பாவுக்குப் பழக்கமானது.

சரி, தமிழில் இதற்குச் சொந்தப் பெயர் இல்லையா? இருக்கிறது: கீழ்வாய் இலக்கம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மனப்பாடம் செய்த எண்சுவடியில் ஒன்றும் அதற்கு மேலும் மேல்வாய் இலக்கம், ஒன்றுக்குக் கீழே இருப்பவை கீழ்வாய் இலக்கம். பெயரிலேயே பார்வை வேறு என்று தெரிகிறது. இங்கே எதுவும் உடையவில்லை. எண் வரிசை ஒன்றோடு நின்றுவிடாமல் கீழேயும் இறங்குகிறது, அவ்வளவுதான். இறங்குகிற ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு. அரை, கால் தெரியும். அரைக்கால் 1/8, வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. (போர்த்துகீசியர் முந்திரிப் பருப்பைக் கொண்டுவந்தது 16-ஆம் நூற்றாண்டில். எண் முந்திரி அதற்கு வெகுகாலம் முந்தியது.)

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கணக்குக் குறிகள் இலக்கணத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பது. ‘ஒன்றே கால்’ என்றால் ஒன்றும் காலும். அந்த ‘ஏ’ கூட்டல் குறி. ‘அரைக்கால்’ என்று ஏகாரம் இல்லாமல் ஒட்டினால் காலில் அரை, அதாவது பெருக்கல்: 1/2 × 1/4. அதே மாதிரி அரைமா 1/40, அரைக்காணி 1/160. இப்போது ‘காலே அரைக்கால்’ எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடலாம்: 1/4 + 1/8, ஆக 3/8. ‘ஊரில் முக்காலே மூணு வீசம் பேர் வந்துவிட்டார்கள்’ என்று பெரியவர்கள் சொல்லுவது வெறும் பேச்சுவழக்கு இல்லை. 3/4 + 3/16, கூட்டினால் 15/16. இன்னும் ஒரு வீசம் சேர்ந்தால் முழு ஊரும் வந்துவிடும். விதிக்கு அடங்காத பிள்ளையும் ஒன்று உண்டு. மாகாணியில் ஏகாரம் இல்லை, ஆனாலும் அது கூட்டல்தான்: மா 4/80, காணி 1/80, சேர்த்தால் 5/80, அதாவது 1/16.

முந்திரியோடு கதை முடியவில்லை. அந்த 1/320-ஐயே புதிய ‘ஒன்று’ ஆக வைத்துக்கொண்டு, ‘கீழ்’ என்று ஒரு சொல்லை முன்னால் போட்டு, மறுபடி அரை, கால் என்று இறங்கலாம். கீழ்முந்திரி என்றால் 320-இல் ஒன்றில் 320-இல் ஒன்று, 1/1,02,400. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவுகள் இப்படித்தான் ‘கீழ்’ போட்டு இறங்கிக்கொண்டே போகின்றன. வரி கட்டுகிற நிலம் என்றால் சும்மாவா? காவிரிக் கரையில் இன்றும் ‘ஒரு மா நிலம்’ என்கிறார்களே, அது ‘வேலி’ என்ற பழைய நில அளவில் இருபதில் ஒன்று. எண்ணின் பெயரே அங்கே நிலத்தின் அளவாகிவிட்டது. ‘இம்மியளவும் விடமாட்டேன்’ என்பதில் வருகிற இம்மியும் இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்றுதான். இந்தப் பழைய குறிகளுக்கு 2019-இல் கணினி எழுத்துக் குறியீடான ஒருங்குறியிலும் (யூனிகோட்) இடம் கிடைத்துவிட்டது.

அப்படியானால் பின்னத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழ்வாய் இலக்கம் என்றே பாடப்புத்தகத்தில் எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் ஆசைதான், ஆனால் பொருந்தாது. 7/4-ம் பின்னம்தான், ஆனால் அது ஒன்றைவிடப் பெரியது. அதை எப்படிக் கீழ்வாய் என்பது? அப்புறம், 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கி வந்த எண். அதனால் 1/3, 1/7 போன்றவற்றுக்கு இந்தப் படிகளில் பெயரே இல்லை. ‘பகுவெண்’ என்று சொல்லலாமா என்றால், 4, 6, 9 மாதிரியான எண்களுக்குப் பகு எண் என்ற பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே பொதுச்சொல்லாகப் பின்னமே இருக்கட்டும். அரை, கால், வீசம் வரிசையைப் பற்றிப் பேசும்போது கீழ்வாய் இலக்கம் என்பதே சரி.

மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருப்பது பகுதி. இவை நல்ல தமிழ்ச்சொற்கள்: எத்தனை பங்கு தொகுத்தோம், எத்தனையாகப் பகுத்தோம். மற்ற பெயர்கள் கரைக்குக் கரை மாறும். 3/4 போல மேலெண் சிறியதாக இருந்தால் தமிழ்நாட்டில் தகு பின்னம்; 1/2, 2/4 போல மதிப்பு ஒன்றாக இருந்தால் சமான பின்னங்கள். இலங்கைப் பாடநூலில் இவையே முறைமைப் பின்னம், சமவலுப் பின்னங்கள்.

எல்லாம் சரி, வகுப்பில் 1/3-ஐ ‘ஒன் பை த்ரீ’ என்று வாசிப்பதைத்தான் விடச் சொல்வேன். அது இரண்டு எண்களை மேலும் கீழும் ஒப்பிப்பது. ‘மூன்றில் ஒன்று’ என்றால் முதலில் மூன்றாகப் பிரி, பிறகு ஒன்றை எடு என்று செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல் வருகிறது. ஒரே சிக்கல், கேட்ட வரிசையில் எழுதி 3/1 ஆக்கிவிடும் பிள்ளைகள் இருப்பார்கள். முதலில் கேட்கும் எண் கீழே போகும் என்று இரண்டு நாள் சொன்னால் பழகிவிடும்.

பின்னங்களைக் கூட்டும்போது பகுதி ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டாலும் முக்கால் உதவும். அது ‘மூன்று’ கூட்டல் ‘கால்’ இல்லை, மூன்று கால்கள். மூன்று என்பது எண்ணிக்கை, கால் என்பது பங்கின் பெயர். பகுதியைக் குறிக்கும் ‘டினாமினேட்டர்’ என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கும் ‘பெயரிடுவது’ என்றுதான் பொருள். அரையையும் முக்காலையும் கூட்டச் சொன்னால், அரையை இரண்டு கால் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு காலும் மூன்று காலும் ஐந்து கால். நான்கு கால் சேர்ந்தால் ஒன்று. மிச்சம் ஒரு கால். விடை ஒன்றே கால்.