சட்டத்தின் அடியில் இருந்த ஊதா

2006இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது ஒரு வாரம் அங்கே தங்கி வரைந்தேன். பெயர்தான் நீலக்குறிஞ்சி. புதரின் அருகில் உட்கார்ந்து பார்த்தால் ஊதாதான் தெரியும். சாயங்கால வெயில் படும்போது அந்த ஊதாவுக்குள் ஒரு செம்மையும் ஏறும். அந்தச் செம்மை வேண்டும் என்பதற்காகவே அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பை அல்ட்ராமரின் நீலத்தோடும் வெள்ளையோடும் கலந்து, மலைச்சரிவு முழுவதையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். சென்னையில் ஒரு குடும்பத்தார் அதை வாங்கி, காலை வெயில் நன்றாக விழும் கூடத்தில் மாட்டினார்கள்.

2018இல் குறிஞ்சி மறுபடி பூத்தது. அந்த வீட்டு அம்மா மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னை அழைத்தார். "சார், அங்கே பார்த்த நிறம் நம் வீட்டுப் படத்தில் இல்லையே" என்றார். போய்ப் படத்தை இறக்கிச் சட்டத்தைப் பிரித்தேன். மரம் மூடியிருந்த கால் அங்குல விளிம்பில் மட்டும் 2006இன் ஊதா அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்த நீலம். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த படம் அது. அன்று பட்ட வேதனையால்தான் என் வகுப்பின் முதல் நாளில் பிரஷ் பிடிக்கச் சொல்லித் தருவதை விட்டுவிட்டு, டியூபைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித் தருகிறேன்.

நடந்தது இதுதான். என் கலவையில் நீலம் வெளிச்சத்தைத் தாங்கியது, சிவப்பு தாங்கவில்லை. அலிசரின் நம் மண்ணுக்கும் பழக்கமான பொருள்தான். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பதும் அதுவே. 1868இல் ஜெர்மனியில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு டியூபுகளில் மலிவாக வந்தது. கெட்டியாகப் பூசினால் ஓரளவு நிற்கும். வெள்ளை கலந்து மென்மையாக்கினால் வெளிச்சம் அதை மெல்ல மெல்ல அழித்துவிடும். பூ வரைபவர்கள் செய்வதெல்லாம் அந்த மென்மையைத்தானே? ரோஜா இதழின் ஓரம், தாமரையின் நுனி, காகிதப்பூவின் இளஞ்சிவப்பு எல்லாமே வெள்ளை கலந்த சிவப்புதான். ஆகவே இந்த இழப்பு மற்ற ஓவியர்களைவிடப் பூ வரைபவர்களையே அதிகம் தாக்குகிறது.

டச்சு ஓவியர் வான்கோவுக்கும் இதுவே நேர்ந்தது. 1890 மே மாதம், பிரான்சின் சாந்த் ரெமி மனநல விடுதியைவிட்டுக் கிளம்பும் முன், ஐரிஸ் மலர்க்கொத்து இரண்டும் ரோஜாக்கொத்து இரண்டுமாக நான்கு பெரிய படங்கள் வரைந்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஐரிஸ் படத்தைப் பார்ப்பவர்கள் வெளிர் பின்னணியில் நீலப் பூக்கள் என்றே நினைப்பார்கள். அவர் வரைந்தபோது பின்னணி இளஞ்சிவப்பு, பூக்கள் ஊதா. ரோஜாக்களிலும் சிவப்பு போய் வெண்மைதான் மிஞ்சியிருக்கிறது. அவர் பயன்படுத்திய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு இயோசின் என்ற சாயத்திலிருந்து செய்யப்பட்டது. அலிசரினைவிடவும் வேகமாக வெளிறக்கூடியது. இவ்வண்ணங்கள் நிலைக்காது என்பதை அவர் அறிந்தே இருந்தார். அதற்காகவே அழுத்தமாகப் பூசினார். அப்படியும் அவை நிற்கவில்லை.

அவருக்கு மாற்று வழி குறைவு. நமக்கு அப்படி இல்லை. குவினாக்ரிடோன் என்ற நிறமிக் குடும்பம் 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. ரோஜா, தாமரை, செவ்வூதா ஆகியவற்றுக்கு வேண்டிய தூய நிறம் அதில் கிடைக்கிறது, வெளிச்சத்தையும் தாங்குகிறது. கடையில் இதைக் கண்டுபிடிக்க டியூபின் பெயரை நம்பாதீர்கள். 'ரோஸ்', 'கிரிம்சன்' என்பவை நிறுவனம் வைத்துக்கொள்ளும் பெயர்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றால் அலிசரின். பி.வி. 19, பி.ஆர். 122 என்றால் குவினாக்ரிடோன். முதல் எழுத்து நிறமியைக் குறிக்கும், அடுத்தது சிவப்பா ஊதாவா என்பதை. நல்ல நிறுவனங்கள் வெளிச்சத்தைத் தாங்கும் தரத்தையும் அருகில் அச்சிடுகின்றன. அமெரிக்கத் தர அமைப்பின் அளவுகோலில் 1, 2 என்ற தரங்கள் ஓவியத்துக்கு ஏற்றவை. எண்ணெய் வண்ணத்தில் அலிசரினுக்கு 3தான். குறியீடே அச்சிடாத டியூப் மாணவர் பயிற்சிக்குப் போதும். விற்கப்போகும் படத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

யாரையும் நம்பாமல் நீங்களே சோதிக்கவும் முடியும். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு வண்ணத்தையும் வெள்ளை கலந்தும் கலக்காமலும் பட்டைகளாகப் பூசுங்கள். எண்ணெய் வண்ணம் காய்ந்ததும் பாதிப் பட்டையை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் வைத்து, மார்ச் முதல் ஜூன் வரை விட்டுவிடுங்கள். என் ஜன்னலில் பளீரென்ற ஒரு பேஸ்டல் இளஞ்சிவப்பு முதல் மாதத்திலேயே வெளிறிப்போனது.

பேஸ்டல் என்றதும் நம் ஊரில் ஒரு குழப்பம் வரும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது ஆயில் பேஸ்டல். எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது, முழுதாக இறுகவே இறுகாது. நான் சொல்வது சாக்குக்கட்டி போன்ற மென் பேஸ்டலை. கிட்டத்தட்ட முழுவதும் நிறமி. சேர்த்துப் பிடிக்கத் துளி பசைதான் இருக்கும். அதனால்தான் வேப்பம்பூவின் மங்கல் வெண்மையும் மழைக்கால வானமும் அதில் அவ்வளவு இயல்பாக வருகின்றன. அதனாலேயே அது தூளாகவும் பறக்கிறது.

இங்கேதான் அதே சிறிய எழுத்து ஓவியரின் உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. செவ்வந்தியின் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நிகரில்லாத வண்ணங்கள் காட்மியத்திலிருந்து வருகின்றன: மஞ்சளுக்கு பி.ஒய். 35, ஆரஞ்சுக்கு பி.ஓ. 20, சிவப்புக்கு பி.ஆர். 108. டியூபில் எண்ணெயோடு இருக்கும்வரை கை கழுவும் ஒழுக்கம் போதும். தூளாகி நுரையீரலுக்குள் போனால் அது நஞ்சு. என்னிடம் படித்த ஒரு பெண் படத்தில் விழுந்த தூளை நிமிடத்துக்கு ஒருமுறை வாயால் ஊதிக்கொண்டே வரைவார். மூன்று மாதத்தில் விடாத இருமல். எந்தத் தூளால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஊதுவதை நிறுத்த வைத்தேன். இப்போது ஸ்டாண்டைச் சற்று முன்பக்கம் சாய்த்து, கீழே ஈரத்துணி விரித்து வைக்கிறோம். தூள் தானாக அதில் விழும். தேய்க்க நிறைய இருக்கும் நாளில் என்95 முகக்கவசம். துடைப்பம் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பக்கத்தில் தேநீரும் முறுக்கும் வேண்டவே வேண்டாம். காட்மியம் வேண்டாம் என்பவர்கள் குறியீட்டைப் பார்த்து அது இல்லாத மஞ்சளை வாங்கலாம். பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று இருந்தால் அது பெரும்பாலும் அத்தகைய மாற்றுதான்.

பிரஷ் கழுவும் டர்பன்டைனை மூடிய அறையில் திறந்து வைத்துத் தலைவலியோடு வரைபவர்கள் ஏராளம். பிரஷ்ஷைத் துணியால் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஒரு சொட்டு எண்ணெயும் மிச்சமின்றிக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் பிரஷ்ஷில் தங்கக் கூடாது. அது காயாத எண்ணெய், வண்ணத்தில் கலந்தால் படமும் காயாது.

எனக்கு மிகவும் பயம் தருவது துடைத்த துணிதான். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது, அப்போது சூடாகிறது. கேன்வாஸில் அந்தச் சூடு பரவிப் போய்விடும். பழைய வேட்டித் துணியில் துடைத்து, பந்தாகச் சுருட்டி, மூலையில் எறிந்தால் சூடு உள்ளேயே தேங்கும். தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் மூண்ட தீ, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக்குவியலில்தான் தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நம்மில் பலர் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், மே மாத வெப்பத்தில் வரைகிறோம். துணியை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள தகர டப்பாவில் முக்கிவிட்டு, அப்புறம் படுக்கப் போங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு 2018 குறிஞ்சியை பி.வி. 19 கொண்டு புதிதாக வரைந்து கொடுத்தேன். கேன்வாஸின் பின்னால் எல்லா நிறமிகளின் குறியீடும் பென்சிலில் எழுதியிருக்கிறது. பழைய படத்தைக் கேட்டு வாங்கிவந்து, சட்டமில்லாமல் வகுப்பில் மாட்டியிருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களின் கை நேராக அந்தக் கால் அங்குல விளிம்புக்குத்தான் போகிறது.