ஸ்டூடியோவில் இருக்கும் என்று நம்பி கேசட்டை எறியாதீர்கள்

"பெரிய சினிமா கம்பெனி எடுத்த தொடர்தானே, மூலப்பிரதி அவர்களிடம் இல்லாமலா போகும்?" தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீடு காலி செய்கிறவர்கள் இப்படிச் சொல்லித்தான் டெலிவிஷன் தொடர்களைப் பதிவு செய்த வீஎச்எஸ் வீடியோ கேசட்டுகளை மூட்டையாகக் குப்பையில் போடுகிறார்கள். இந்த வாரமும் ஒரு மூட்டை போயிருக்கிறது. போதும், நிறுத்துங்கள்.

ஸ்டூடியோக்களின் டெலிவிஷன் பிரிவுகள் எப்படி வளர்ந்தன என்று பாருங்கள். டெசிலு என்ற அமெரிக்கக் கம்பெனி 1951-ல் 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரை மூன்று கேமரா வைத்து 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. இன்றும் படம் பளிச்சென்று இருக்கிறதென்றால் அதனால்தான். 1957-ல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே வாங்கிய அதே டெசிலுவை 1967-ல் பாரமவுண்ட்டின் சொந்தக்காரரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனி வாங்கி பாரமவுண்ட்டோடு சேர்த்தது. அதுதான் பாரமவுண்ட் டெலிவிஷன் ஆயிற்று. 'லூசி'யின் உரிமையோ அதற்கு முன்பே சிபிஎஸ் டெலிவிஷன் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. யாரிடம் எது இருக்கிறது என்பதே இவ்வளவு சிக்கல்.

ஃபிலிமில் எடுத்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. பாரமவுண்ட்டின் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987-ல் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டு, வீடியோ டேப்பில் எடிட் செய்யப்பட்டது. ஒளிபரப்பான வடிவம் டேப்பில் மட்டும்தான். 2012-ல் புளூ-ரே கொண்டுவரும்போது நெகட்டிவைத் தேடி ஸ்கேன் செய்து, எபிசோடு எபிசோடாக மறுபடி எடிட் செய்தார்கள். அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த வேலை நடக்கவே இல்லை.

நம் ஊர் விஷயம் இன்னும் மோசம். இங்கே டெலிவிஷன் முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5-ல்தான். 'மியாமி வைஸ்' என்ற அமெரிக்கத் தொடர் நம் அரசு ஒளிபரப்பான எஸ்ஏபிசியில் ஆஃப்ரிகான்ஸ் மொழிக் குரலோடு 'மிஸ்டாட் இன் மியாமி' என்று ஓடியது. ஆங்கில ஒலியை அதே நேரத்தில் ரேடியோவில் கேட்டோம். அந்த ஆஃப்ரிகான்ஸ் ஒலியும் நடுவில் வந்த விளம்பரமும் அறிவிப்பாளர் முகமும் கலிஃபோர்னியா ஸ்டூடியோ அலமாரியில் எதற்கு இருக்கப்போகிறது? உங்கள் வீட்டு கேசட்டில்தான் இருக்கும். அதன் வால்பகுதியில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணமும் இருக்கலாம். கடைசிவரை பார்க்காமல் எறியாதீர்கள்.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். டர்பன் கடற்காற்றில், தகரக் கூரை கராஜில் வைத்தால் வராமல் என்ன செய்யும்? அதை வீசிஆரில் (கேசட் ஓட்டும் மெஷினில்) போடவே போடாதீர்கள்: நாடாவைப் படிக்கும் ஹெட் டிரம் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு தனிப் பையில் மூடி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தமாக இருந்தால், முதுகில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். தப்பித்தவறிக்கூட மேலே ரெக்கார்டு ஆகாது. ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுற்றிவிட்டு அப்புறம் பிளே செய்யுங்கள். ஈ-180 என்ற மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 258 மீட்டர் நாடா. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தது ஒட்டிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது படத்தின் அளவு 720×576 புள்ளி, வேகம் விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். நம்முடையது PAL என்ற ஒளிபரப்பு முறை, அமெரிக்க 29.97-க்கு மாற்றிக் கெடுக்காதீர்கள். DV (டிஜிட்டல் வீடியோ) வகை ஃபைல் ஒரு மணி நேரப் படத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

வேலை முடிந்தாலும் கேசட்டை எறிய வேண்டாம், அய்யா, அம்மா. நிமிர்த்தி, வெயில் படாத உள்ளறை அலமாரியில் வையுங்கள். புது வீசிஆர் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. ஓடுகிற மெஷின் இருந்தால் அதையும் கொடுத்துவிடாதீர்கள்.