வீட்டில் இதை எப்படிச் சொல்வாய்?

மனநல சிகிச்சைக்கு என்னிடம் வந்த புலம்பெயர்ந்த குடும்பம். பையனுக்கு 15 வயது. அம்மாவுக்கு நான் பேசும் மொழி தெரியாது, அவனுக்கு இரண்டும் தெரியும். அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சரி, அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். "உங்கள் மகனுக்குச் செத்துவிடலாம் என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது, அவனைத் தனியாக விடாதீர்கள்" என்றேன். அவன் இரண்டே சொல்லில் முடித்தான். அம்மா தலையாட்டினார். அந்த முகத்தில் பதற்றமே இல்லையே என்று இரவெல்லாம் உறுத்தியது. மறுநாள் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தொலைபேசியில் பேசினேன். "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அம்மா உடைந்துபோவாரே என்ற பயம் அவனுக்கு. அந்தச் சுமையை அவன் தலையில் வைத்தது என் தவறு. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் மொழிபெயர்க்க வைத்ததில்லை.

ஆனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. மனச்சோர்வுக்கான சிந்தனை–நடத்தை சிகிச்சையில் ஒரு தாள் கொடுப்போம். மனதில் ஓடும் எண்ணத்தை எழுதி, அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று பார்க்க வேண்டும். ஒரு பெண் அதில் எழுதியது: "எனக்காக அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். நான் ஏமாற்றிவிட்டேன்." முதல் பாதி அப்பட்டமான உண்மை. அதைப் போய்த் திரிந்த எண்ணம் என்று எப்படிச் சொல்வது? வீட்டாருக்குத் தான் பட்டிருக்கும் கடனை அவள் மறக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணால் மட்டும்தான் அந்தக் கடனைத் தீர்க்க முடியுமா என்று கேட்டோம். அப்புறம், அவள் சம்மதத்தோடு அப்பாவையும் உள்ளே அழைத்தோம். தனித்து முடிவெடுக்கப் பழகு என்பது பாடநூல் இலக்கு. அவள் விரும்பியதோ அப்பாவோடு மறுபடி பேச.

சிகிச்சையை ஒருவரின் பண்பாட்டுக்கு ஏற்ப இப்படி மாற்றுவது மனம்போன போக்கில் செய்கிற காரியம் அல்ல. 1995இல் போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழக உளவியலாளர் கியேர்மோ பெர்னாலும் சக ஆய்வாளர்களும் எதையெல்லாம் பார்த்து மாற்ற வேண்டும் என்று 8 அம்சங்களை வகுத்தார்கள். மொழி அதில் ஒன்றுதான். உவமை, இலக்கு, சூழல் எல்லாம் சேர்த்தி. சிகிச்சையின் உயிர்நாடியை மட்டும் விட்டுவிடக் கூடாது. பயத்துக்கான சிகிச்சை என்றால், பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பகுதி இருந்தே ஆக வேண்டும். பண்பாட்டுக்கு மரியாதை என்று நினைத்து அதைத் தவிர்த்தால் பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறை சிகிச்சை.

மனநோய்களை வகைப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்–5 கைநூலில் பண்பாட்டை அறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. எனக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது கேள்வி: உன் பிரச்சினையை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் எப்படிச் சொல்வாய்? இந்தச் சமூகத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நாம் படித்து வைத்திருப்பது இங்கே உதவாது. ஒரே வீட்டு அண்ணன் வயிற்றுவலி என்பான், தங்கை டிப்ரஷன் என்பாள். அவர்கள் சொல்லும் சொல்லையே குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுகிறேன். நோயின் பெயர் அதற்குக் கீழேதான்.