கான்சுலர் உதவி: தமிழில் என்ன சொல்வது?

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தாலும், கைதானாலும், யாராவது இறந்துபோனாலும் சொந்த நாட்டின் அலுவலகம் அங்கே செய்து தருவது கான்சுலர் உதவி. இலங்கைத் தமிழில் ‘கொன்சியூலர்’ என்று எழுதுவார்கள்.

வேர் லத்தீன். ரோமக் குடியரசில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு தலைமை ஆட்சியாளர்களுக்குக் ‘கான்சுல்’ என்று பெயர். இடைக்காலத்தில் மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் அயலூர் வணிகர்களின் வழக்கைத் தீர்த்து, நலனைப் பார்த்துக்கொண்டவருக்கும் அதே பெயர் வந்தது. இன்றைய கான்சுல் இவருடைய வாரிசு: சொந்த நாட்டு மக்களைக் கவனிப்பவர். அரசிடம் பேசுவது அம்பாசடரின் வேலை. திருக்குறளின் 69ஆம் அதிகாரமான ‘தூது’ சொல்வதும் அந்த வேலையைத்தான். கான்சுலுக்குத் தனிச்சொல் அமையாததால் எம்பசி ‘தூதரகம்’ என்றும், கான்சுலேட் ‘துணைத் தூதரகம்’ என்றும் ஆயின.

இந்தத் ‘துணை’தான் ஆளை அலையவைக்கிறது. கீழ்நிலைக் கிளை போலிருக்கிறது, பெரிய காரியம் நடக்காது என்று நினைக்கவைக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் இந்தியர் போக வேண்டியது துபாய் துணைத் தூதரகத்துக்கு. அபுதாபி தூதரகம்வரை போகத் தேவையில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் எம்பசி வைப்பதில்லை, ஹை கமிஷன்தான். இலங்கையில் அது உயர்ஸ்தானிகராலயம். சென்னையில் இருக்கும் இலங்கை அலுவலகம் டெபுடி ஹை கமிஷன், யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்திய அலுவலகம் கான்சுலேட் ஜெனரல். தமிழ்ச் செய்திகளில் இரண்டுமே ‘துணைத் தூதரகம்’.

எம்பசியிலும் கான்சுலர் பிரிவு உண்டு. அதனால் ‘துணைத் தூதரக உதவி’ என்பது பிழை. ‘தூதரக உதவி’ என்பதே சரி.

இதற்குச் சட்ட அடிப்படை, கான்சுலர் உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. அதன் 36ஆம் பிரிவின்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால் தாமதமின்றித் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். ‘கேட்டுக்கொண்டால்’ என்பதைக் கவனியுங்கள். “என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்” என்று வாய்திறந்து கேட்க வேண்டும். அதிகாரிகள் சிறையில் வந்து பார்க்கலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். ஆனால் விடுதலை வாங்கித் தர முடியாது. 55ஆம் பிரிவு அந்நாட்டுச் சட்டத்துக்கு அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. 36ஆம் பிரிவைப் பாகிஸ்தான் மீறியதாக, அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தபோதும், அவரை விடுவிக்கச் சொல்லவில்லை. தண்டனையை மறுபரிசீலனை செய்யத்தான் உத்தரவிட்டது.

பாஸ்போர்ட் தொலைந்து உடனே ஊர் திரும்ப வேண்டியவருக்கு இந்தியத் தூதரகம் தருவது அவசரச் சான்றிதழ். வளைகுடாவில் இதைத்தான் ‘அவுட்பாஸ்’ என்பார்கள். இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். முதலில் போலீஸ் புகார். பிறகு அதன் நகல், புகைப்படங்கள், பாஸ்போர்ட் நகலோடு விண்ணப்பம். நகல் இல்லாவிட்டால் குடியுரிமையை இந்தியாவில் சரிபார்க்க வேண்டியிருக்கும், நாட்கள் இழுக்கும். பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்: சான்றிதழ் கையில் வந்ததும் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தொலைந்த பாஸ்போர்ட்டில் இருந்த விசாவுக்கு ஈடாக அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் அனுமதி தேவைப்படும்; அது இல்லாமல் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இறந்தவர் உடலை அனுப்பத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும், ஊரில் உள்ள குடும்பத்தின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். விபத்தென்றால் போலீஸ் அறிக்கையும் சேரும். தாமதம் பெரும்பாலும் இந்த ஆவணங்களைச் சேர்ப்பதில்தான். ஊரில் இருப்பவர்கள் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் முறையீட்டைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.